பெட்டிக்கு நற்சாட்சி, உயிருக்குச் சாட்சி எங்கே?

தொழிலாளத் தோழர்களே!

தோட்ட ஸ்டோர்களில் ஒரு புதுப் பெட்டி குடியேறி வருகிறது. கெட்டிப் பிளாஸ்டிக் உடம்பு, இரண்டு பெரிய கொக்கிகள், மூடியைச் சுற்றி ரப்பர் வளையம், மேலே வரிசையாக எழுத்துகளும் எண்களும். மருந்தடிக்கும் பெண்களின் முகக்கவசமும், ஆசிட் கலப்பவரின் கண்ணாடியும், கையுறைகளும் அதற்குள்ளேதான் வைக்கப்படுகின்றன. யாராவது அதிகாரி வந்தால் நிர்வாகத்தார் அந்தப் பெட்டியைத் தட்டிக் காட்டுகிறார்கள். "எங்கள் தோட்டத்துப் பாதுகாப்புச் சாதனங்களெல்லாம் சர்வதேச அத்தாட்சி பெற்றவை" என்கிறார்கள்.

நாம் ஒன்றே ஒன்றைக் கேட்கிறோம். அந்த அத்தாட்சி எதற்கு வழங்கப்பட்டது? பெட்டிக்கா? பெட்டிக்குள் இருக்கும் முகக்கவசத்துக்கா?

மோட்டார் சைக்கிள் வாங்கிய தோழர் ஒவ்வொருவருக்கும் சிரிம் ஒட்டுவில்லை தெரியும். தலைக்கவசம் வாங்கும்போது அந்த ஒட்டுவில்லை தலைக்கவசத்தின் மேல் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம். "கவசத்தில் இல்லை, ஆனால் அது வந்த அட்டைப் பெட்டியில் இருக்கிறது" என்று கடைக்காரர் சொன்னால் காசை மடியில் கட்டிக்கொண்டு வெளியே வந்துவிட மாட்டோமா? நம் தலைக்கு வாங்கும் பொருளில் நாம் காட்டும் இந்தச் சாதாரண புத்தியை, நம் நுரையீரலுக்கும் கண்ணுக்கும் நிர்வாகம் வாங்கும் பொருளிலும் காட்ட வேண்டும். இந்தக் கட்டுரையின் நோக்கம் அவ்வளவுதான்.

எழுத்தும் எண்ணும் நமக்கு விளங்காது என்ற நினைப்பில்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. ஆகவே முதலில் விளங்கிக்கொள்வோம்.

ஐ.பி. 67 என்றால் என்ன?

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் இதுதான். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் வெளியிட்ட 60529 என்ற தர ஏட்டில் வரும் குறியீடு இது. மின்கருவிகளை மூடியிருக்கும் கூடுகளுக்காக எழுதப்பட்டதைப் பெட்டி செய்வோரும் எடுத்துக்கொண்டார்கள். அதில் தவறில்லை. முதல் எண் தூசியைப் பற்றியது. 0 முதல் 6 வரை போகும். 6 என்றால் தூசி உள்ளே புகவே புகாது. சோதனைக்கூடத்தில் முகப்பவுடர் போன்ற டால்க் தூளைப் பறக்கவிட்டு இதைப் பார்க்கிறார்கள். இரண்டாவது எண் தண்ணீரைப் பற்றியது. 4 என்றால் எந்தப் பக்கமிருந்து தெறிக்கும் நீரையும் தாங்கும். 5 என்றால் குழாயால் பீய்ச்சும் நீரைத் தாங்கும். 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கிக் கிடந்தாலும் கெடுதி செய்யும் அளவுக்கு நீர் புகாது. எண் இருக்க வேண்டிய இடத்தில் எக்ஸ் என்ற எழுத்து இருந்தால் அந்தப் பகுதிக்குக் குறியீடு தரவில்லை என்று பொருள். நாம் விடியற்காலையில் பால்வெட்டத் தலையில் கட்டிக்கொள்ளும் விளக்கில் "ஐ.பி. எக்ஸ் 4" என்று இருந்தால், மழைத் தெறிப்பைத் தாங்கும் என்று மட்டும் கொள்ள வேண்டும். தூசியைப் பற்றி அது வாய் திறக்கவில்லை.

ஒரு நுட்பத்தைத் தோழர்கள் மனத்தில் வைக்க வேண்டும். 7 என்பது 5-ஐ விடப் பெரிய எண். ஆகவே மூழ்கினால் தாங்குவது பீய்ச்சினாலும் தாங்கும் என்று நினைப்போம். அந்தத் தர ஏடு அப்படிச் சொல்லவில்லை. இரண்டும் வேறு வேறு சோதனை. இரண்டிலும் தேறியதென்றால் இரண்டு குறியீட்டையும் சேர்த்து எழுத வேண்டும். 67 மட்டும் எழுதிய பெட்டியைச் சாயங்காலம் ஸ்டோர் வாசலில் வைத்து ரப்பர் குழாயால் அடித்துக் கழுவினால், அந்தக் கழுவலுக்கு அத்தாட்சி கிடையாது.

சோதனைக்கு வைத்த தண்ணீர் வெறும் நல்ல தண்ணீர். அதில் பார்மிக் ஆசிட் இல்லை, அம்மோனியா இல்லை, புல் மருந்து இல்லை. சோதிக்கப்பட்டது சுத்தமான புதுப் பெட்டி, மூடி ஒழுங்காக மூடியிருந்தது, கொக்கி உடையவில்லை. லாரியில் ஆறு மாதம் குலுங்கி, வெயிலில் காய்ந்து, மூடி விளிம்பில் மண் ஒட்டிய பெட்டியைப் பற்றி அந்த எண்கள் எதையும் உறுதி சொல்லவில்லை.

ரப்பரைப் பற்றி நமக்கா பாடம்?

தண்ணீரும் தூசியும் புகாமல் காப்பது மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம். ரப்பர் எப்படி மூப்படையும் என்பதை நம்மைவிட யாருக்குத் தெரியும்? வெயில் பட்டால் வெடிக்கும். எண்ணெய் பட்டால் ஊதும். நாளானால் பிசுபிசுக்கும் அல்லது இறுகிப்போகும். பெட்டி வளையத்துக்குப் பெரும்பாலும் மரத்துப் பாலைப் பயன்படுத்தாமல் செயற்கை ரப்பரைப் போடுகிறார்கள். வெயிலுக்கும் காற்றுக்கும் அது கூடுதலாகத் தாங்கும் என்பது உண்மை. ஆனாலும் மூப்பில்லாத ரப்பர் உலகத்தில் இல்லை. வளையம் தட்டையாகிப் போனால், ஒரு இடத்தில் கீறினால், ஒரு துரும்பு ஒட்டினால் 67 என்ற எண் மூடியில் இருக்கும். அதன் பொருள் போய்விடும்.

ஆகவே பெட்டியை வாங்கிய ரசீது போதாது. மாற்று வளையம் ஸ்டோரில் உண்டா? வளையத்தை யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்கிறார்? எந்தப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுகிறார்? கிராணிமார்களே, இது நம் மேசைக்கு வர வேண்டிய புத்தகம். வாளிக்கும் மங்குக்கும் உளிக்கும் கணக்கு வைக்கும் தோட்டத்தில் உயிர்காக்கும் பெட்டிக்கு ஒரு பக்கம் இல்லையென்றால், அந்தப் பக்கத்தை நாம் திறப்போம்.

இராணுவத் தரம் என்னும் பூச்சாண்டி

அடுத்து வருவது "இராணுவத் தரம் 810". இதைச் சொல்லும்போது விற்பனைக்காரரின் மார்பு ஒரு சாண் அகலும். அமெரிக்கப் பாதுகாப்பு இலாகாவின் சோதனை ஏடு இது. முதற்பதிப்பு 1962-இல் வந்தது. எச் என்னும் பதிப்பு 2019-இல் வந்தது. வெப்பம், குளிர், ஈரம், உப்புக்காற்று, அதிர்வு, விழுதல் என்று பல சோதனை முறைகள் அதில் அடங்கியுள்ளன. விழும் சோதனையில் பெயர் பெற்றது 26 முறை போடுவது. ஒரு பெட்டிக்கு முகம் 6, விளிம்பு 12, மூலை 8, ஆக 26. ஆள் சுமக்கும் சிறிய பொருளானால் 122 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் போட்டுப் பார்ப்பார்கள்.

நல்ல சோதனைதான். ஆனால் மூன்று விஷயங்களை விற்பனைக்காரர் சொல்வதில்லை. ஒன்று, அந்த ஏட்டில் உள்ள எல்லாச் சோதனையையும் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒன்றைச் செய்துவிட்டும் "810" என்று அச்சடிக்கலாம். இரண்டு, 26 விழுதலையும் ஒரே பெட்டி தாங்க வேண்டும் என்பதும் இல்லை; ஐந்து பெட்டிகள் வரை பங்கு போட்டுக்கொள்ள இடம் உண்டு. மூன்று, கடையில் விற்கும் பெட்டிக்கு "810 தேறியது" என்று முத்திரை குத்தித் தரும் அலுவலகம் எதையும் அமெரிக்க இராணுவம் நடத்தவில்லை. செய்தவரே சோதிக்கலாம், செய்தவரே சொல்லலாம். ஆகவே "810" என்ற எண்ணை மட்டும் சொன்னால் போதாது. எந்த முறை, எந்த உயரம், எத்தனை பெட்டி, எந்தச் சோதனைக்கூடம், எந்தத் தேதி என்று அறிக்கை வேண்டும். அறிக்கை இல்லாத எண் ஏட்டுச் சுரைக்காய்.

அந்த ஏடே தன் வாயால் சொல்வது, பொருள் எங்கே புழங்குமோ அந்த இடத்துக்குத் தக்கபடி சோதனையைத் தேர்ந்தெடு என்பது. நம் பெட்டி புழங்கும் இடம் எது? மலைச்சரிவில் ஆடிப்போகும் டிராக்டர். அம்மோனியா வாடை அடிக்கும் பால் கொட்டகை. நண்பகல் வெயிலில் நிற்கும் லாரி. அந்த இடத்துக்கு ஏற்ற சோதனை நடந்ததா என்பதே நம் கேள்வி. பனிமலையில் சோதித்த பெருமை நமக்கு எதற்கு?

சி.இ., ஐ.எஸ்.ஓ. முத்திரைகள்

பெட்டியில் "சி.இ." என்ற இரண்டு எழுத்தும் இருக்கும். ஐரோப்பியச் சட்டங்களுக்கு இணங்கியது என்று தயாரிப்பாளர் சொல்வதன் அடையாளம் அது. எந்தப் பொருளுக்கு அந்த முத்திரை வேண்டும் என்று ஐரோப்பியச் சட்டம் விதித்திருக்கிறதோ, அந்தப் பொருளுக்குத்தான் அதைப் போடலாம். வெறும் பிளாஸ்டிக் பெட்டிக்கு அப்படி ஒரு விதி இல்லை. அதன் மேல் சி.இ. போட்டிருந்தால் நமக்குச் சந்தேகம் கூட வேண்டும். மரியாதை கூடக் கூடாது.

முகக்கவசத்தின் சங்கதி வேறு. ஐரோப்பாவின் 2016/425 என்ற விதி தற்காப்புச் சாதனங்களை மூன்று வகுப்பாகப் பிரிக்கிறது. உயிருக்கு ஆபத்தானவற்றிலிருந்தும் உடம்புக்குத் தீராத கேடு செய்பவற்றிலிருந்தும் காக்க வேண்டிய சாதனங்கள் மூன்றாம் வகுப்பு. சுவாசக் கவசம் அதில் சேர்ந்தது. அதற்குத் தயாரிப்பாளர் வாக்கு மட்டும் போதாது. வெளியாரான ஒரு சோதனை அமைப்பு பார்த்திருக்க வேண்டும். அந்த அமைப்பின் நான்கு இலக்க எண் சி.இ. எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும். சி.இ. போட்டு விற்கும் கவசத்தில் அந்த நான்கு இலக்கம் இல்லையென்றால், திருப்பி அனுப்ப வேண்டிய சரக்கு அது.

"ஐ.எஸ்.ஓ. 9001" என்றும் பெட்டியில் இருக்கலாம். தொழிற்சாலையின் நிர்வாக முறையைப் பற்றிய சான்று அது. கணக்கும் பதிவும் ஒழுங்காக இருக்கின்றன என்று பொருள். அந்தப் பெட்டி விழுந்தால் உடையுமா, கவசம் புகையைத் தடுக்குமா என்பதற்கு அது பதில் அன்று.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

இனி மூடியைத் திறப்போம். நாம் பார்த்த ஒரு தோட்டத்து ஸ்டோரில் அருமையான பெட்டி இருந்தது. உள்ளே மெல்லிய வெள்ளை முகமூடிகள், ஏற்கெனவே உபயோகித்தவை, மடித்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றில் "எஃப்.எஃப்.பி. 2" என்றும், பக்கத்தில் "என்.ஆர்." என்றும் அச்சு இருந்தது. ஐரோப்பியத் தரம் 149-இன்படி "என்.ஆர்." என்றால் ஒரு வேலை நேரத்துக்கு மேல் உபயோகிக்கக் கூடாது என்று பொருள். ஒருநாள் முகமூடியை மாதக்கணக்கில் பத்திரப்படுத்த நூற்றுக்கணக்கான ரிங்கிட்டுக்குப் பெட்டி! வியர்வை ஈரத்தோடு அதை வைத்துக் காற்றுப் புகாமல் மூடினால் வளர்வது பூஞ்சணம். மறுநாள் காலை அதைத்தான் நம் தாய்மார் முகத்தில் கட்டிக்கொள்ள வேண்டும்.

இந்த மெல்லிய முகமூடிகள் தூசியையும் துளியையும் தடுப்பவை. ஆவியைத் தடுப்பவை அல்ல. அமெரிக்க "என் 95" முகமூடியும் அப்படித்தான். அம்மோனியா ஆவிக்கும் ஆசிட் ஆவிக்கும் கரி அடைத்த வடிகட்டி வேண்டும். அதிலும் எந்த ஆவிக்கு எந்த வடிகட்டி என்று உண்டு. ஐரோப்பிய முறையில் அம்மோனியாவுக்குப் பச்சை, அமில வாயுவுக்கு மஞ்சள், பெட்ரோல் போன்றவற்றின் ஆவிக்குப் பழுப்பு. அமெரிக்க முறையில் அம்மோனியாவுக்குப் பச்சைதான். ஆனால் பெட்ரோல் வகை ஆவிக்குக் கறுப்பு. மஞ்சளுக்குப் பொருளும் சற்று வேறு. ஆகவே நிறத்தை மட்டும் நம்பாமல் எழுத்தையும் படிக்க வேண்டும். படித்துச் சொல்வது கிராணிமார் கடமை.

கரி வடிகட்டிக்கு நல்ல பெட்டி உண்மையாகவே தேவை. திறந்து வைத்த கரி, சும்மா இருந்தாலும் காற்றிலுள்ள ஈரத்தையும் ஆவியையும் குடித்துக்கொண்டே இருக்கும். மருந்து டின்னுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கவிட்ட வடிகட்டி, யார் முகத்தையும் அடையுமுன்னே களைத்துப் போய்விடும். ஆகவே நாம் பெட்டிக்கு எதிரி அல்ல. காற்றுப் புகாத பெட்டி வேண்டும். அது மருந்து ஸ்டோருக்கு வெளியே இருக்க வேண்டும். கழுவி உலர்த்திய கவசமே அதற்குள் போக வேண்டும். வடிகட்டியின் உறையில் மணற்கடிகாரம் போன்ற ஒரு சிறு படமும் ஆண்டும் மாதமும் இருக்கும். அது காலாவதித் தேதி. பெட்டியின் எண் எத்தனை பெரிதானாலும் அந்தத் தேதியைத் தள்ளிப்போடாது.

கையுறைக்கும் இதே விசாரணை வேண்டும். ரசாயனத்துக்கான கையுறைத் தரம் 374. அதில் ஏ, பி, சி என்று மூன்று வகை. ஏ வகை, குறிப்பிட்ட ரசாயனங்களில் 6-க்குக் குறைந்தது 30 நிமிடம் ஊடுருவ விடாமல் தாங்கியது. பி வகை 3-க்கு 30 நிமிடம். சி வகை ஒன்றுக்கு 10 நிமிடம். எந்த ரசாயனத்தில் சோதித்தார்கள் என்பதற்கு அடியில் எழுத்துகள் இருக்கும். பாத்திரம் கழுவும் கையுறையில் அது ஒன்றும் இருக்காது. பார்மிக் ஆசிட் கண்ணில் தெறித்தால் என்ன ஆகும் என்று ஸ்டோர் ஆட்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடியும் அப்படியே சோதிக்கப்பட வேண்டும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் யாருக்கு வேண்டும்?

சட்டம் யார் பக்கம்?

இதெல்லாம் சங்கத்தின் ஆசை மட்டுமா? இல்லை, சட்டம். 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, தொழிலாளியின் பாதுகாப்பை முதலாளியின் கடமையாக்குகிறது. 26-ஆவது பிரிவு, இந்தச் சட்டப்படி கொடுக்க வேண்டிய எதற்கும் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது என்கிறது. 30-ஆவது பிரிவு, 40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு அமைக்கச் சொல்கிறது. 2022-இல் நிறைவேறிய திருத்தம் 2024 ஜூன் 1 முதல் அமலில் உள்ளது. 15-ஆவது பிரிவை மீறிய முதலாளிக்கு முன்பு 50,000 ரிங்கிட் வரை இருந்த அபராதம் இப்பொழுது 500,000 ரிங்கிட் வரை. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நியாயமான காரணத்தோடு அறிவித்தும் முதலாளி ஒன்றும் செய்யாவிட்டால், அந்த வேலையிலிருந்து விலகி நிற்கும் உரிமையையும் அத்திருத்தம் 26ஏ பிரிவில் தந்திருக்கிறது.

ரசாயனங்களுக்கென்றே 2000-ஆம் ஆண்டு விதிகள் உண்டு. முதலில் ஆபத்தான பொருளை அகற்று. முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்ததை வை. பிறகு மூடு, விலக்கு, வேலைமுறையை மாற்று. தற்காப்புச் சாதனம் கடைசிப் படி என்று அவை வரிசைப்படுத்துகின்றன. அந்தச் சாதனமும் பாதுகாப்பு இலாகாவின் தலைமை இயக்குநர் அங்கீகரித்ததாக இருக்க வேண்டும். விற்பனைக்காரரின் வண்ணத்தாள் அங்கீகாரம் ஆகாது.

"கடைசிப் படி" என்பதைத் தோழர்கள் மறக்கக் கூடாது. பாராகுவாட் என்னும் புல் மருந்தின் கதை நினைவிருக்கிறதா? 2002-இல் நம் அரசாங்கம் அதைத் தடை செய்யத் தீர்மானித்தது. 2006-இல் தடை தளர்ந்தது. கவசம் அணிந்து முறையாக அடித்தால் ஆபத்தில்லை என்பதே அதற்கு ஆதரவாகப் பேசியவர்கள் வைத்த வாதம். நண்பகல் வெயிலில் முதுகில் மருந்துத் தொட்டி சுமந்து நடக்கும் பெண் உடம்பை மூடிய உறையோடு எத்தனை மணி நேரம் தாங்குவாள் என்று அந்த வாதம் கேட்கவில்லை. 2020 ஜனவரி 1 முதல் அந்த மருந்து முழுவதுமாகத் தடை செய்யப்பட்டது. எந்த முகமூடியாலும் வராத பாதுகாப்பு, மருந்தை அகற்றியதால் வந்தது. ஆகவே நல்ல பெட்டியைக் கேட்கும்போதே, இந்த மருந்து எதற்கு, இதைவிடச் சாதுவானது இல்லையா என்றும் கேட்க வேண்டும்.

அவர்கள் சொல்லும் சாக்கு

"கொடுத்தாலும் இவர்கள் அணிவதில்லை" என்பது நிர்வாகத்தின் வழக்கமான பல்லவி. கொடுத்ததை அணிவது 24-ஆவது பிரிவின்படி தொழிலாளியின் கடமை. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் காலைப் பெரட்டு முடிந்து ஆட்கள் புறப்படும்போது பெட்டிச் சாவி யார் இடுப்பில் இருக்கிறது? முகத்துக்குப் பொருந்தாத கவசத்தை எப்படி அணிவது? நேற்றைய ஈரம் காயாததை எப்படி அணிவது? ஒரே கவசத்தை இரண்டு பேர் எப்படி அணிவது? பூட்டிய பெட்டியைச் சாட்சியாக வைத்து அணியாதவர் மேல் பழி போடுவது நியாயமாகாது.

"செலவு அதிகம்" என்பது இரண்டாவது பல்லவி. இராணுவத் தரப் பெட்டிக்குப் பணம் இருந்தது. அதற்குள் வைக்கும் வடிகட்டிக்கு மட்டும் இல்லையா? ஒரு சாதாரண மூடிபோட்ட பெட்டியை வாங்கி, மிச்சப் பணத்தில் சரியான கவசமும் மாற்று வடிகட்டியும் வாங்கினால் செலவும் அடங்கும், ஆளும் பிழைப்பார். கண்ணில் படும் இடத்தில் செலவழித்து மூச்சு வாங்கும் இடத்தில் மிச்சம் பிடிப்பது சிக்கனம் ஆகாது.

நாம் செய்ய வேண்டியது

ஒவ்வொரு தோட்டக் கிளையும் அடுத்த பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் இந்த ஆறு கேள்விகளை எழுத்தில் கொடுக்கட்டும். வாயால் கேட்டது காற்றில் போகும். எழுதிக் கேட்டது கோப்பில் நிற்கும்.

1. பெட்டிக்கு எந்தத் தரம், எந்தச் சோதனை? அறிக்கையை வெளியார் சோதனைக்கூடம் தந்ததா, தயாரிப்பாளரே எழுதியதா? சோதனைக்கூடம் அங்கீகாரம் பெற்றதா?

2. உள்ளே இருக்கும் ஒவ்வொரு கவசம், கண்ணாடி, கையுறைக்கும் தனித்தனியே எந்தத் தரம்? பாதுகாப்பு இலாகாவின் அங்கீகாரம் உண்டா?

3. இந்தத் தோட்டத்தில் உபயோகிக்கும் ஒவ்வொரு ரசாயனத்துக்கும் ஏற்ற வடிகட்டி எது? காலாவதித் தேதி என்ன?

4. வளையம், கொக்கி, பட்டை ஆகியவற்றைப் பரிசோதிப்பவர் யார்? பதிவு எங்கே?

5. பெட்டி எங்கே இருக்கிறது? சாவி யாரிடம்? ஆட்கள் புறப்படும் நேரத்தில் திறந்திருக்கிறதா?

6. ஆளுக்கு ஒன்று உண்டா? முகத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்தார்களா? அணியும் விதத்தை யார், எந்த மொழியில் கற்றுக்கொடுத்தார்?

இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். இன்று நம்மோடு வங்காளதேசத்துத் தோழரும், இந்தோனேசியத் தோழரும், நேபாளத் தோழரும் உழைக்கிறார்கள். நம் பாட்டன்மார் இந்த மண்ணுக்கு வந்தபோது ஒப்பந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்தார்கள். இன்று வந்திருப்பவர் பெட்டியிலுள்ள எழுத்தைப் படிக்கத் தெரியாமல் கவசத்தை மாட்டுகிறார். அவருடைய மூச்சும் மூச்சுதான். நாம் படித்ததை அவருக்கும் சொல்ல வேண்டும். அவர் பெயரையும் நம் கேள்வித்தாளில் சேர்க்க வேண்டும்.

கிராணிமார்களுக்குத் தனியாக ஒரு சொல். சரக்கு வந்து இறங்கும்போது கையெழுத்துப் போடுவது நாம். "பாதுகாப்புச் சாதனம், பெட்டி ஒன்று" என்று எழுதிவிடக் கூடாது. பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் ஒவ்வொன்றின் தர எண்ணையும் தேதியையும் பார்த்து எழுதுவோம். தர எண் இல்லாதது வந்தால் "தர எண் இல்லை" என்றே எழுதுவோம். அந்த ஒரு வரி நாளை ஒரு தோழரின் வழக்குக்குச் சாட்சியாக நிற்கும்.

தோழர்களே! முத்திரைகளை நாம் வெறுக்கவில்லை. நேர்மையாகச் சோதித்து, நேர்மையாக எழுதிய ஒரு எண் தொழிலாளிக்குத் துணை. அதைப் படிக்கத் தெரிந்தவன் கையில் ஆயுதம்; படிக்கத் தெரியாதவன் முன்னால் அது வெறும் அலங்காரம். மூடியின் மேலிருக்கும் எண்ணைக் காட்டுகிறவரிடம் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். திறந்த பிறகு உள்ளே இருப்பதன் எண்ணைக் கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள். தனியாகக் கேட்காதீர்கள், சங்கமாகக் கேளுங்கள்!